மோட்டார் பெட்டியில் என் குரல்

திருமங்கலத்துக்கு மேற்கே சில கிராமங்களில் எனக்கு நாற்பது வீட்டுச் சொந்தம் உண்டு. ரத்த சம்பந்தம் எதுவும் இல்லை. அவர்களில் பாதிப் பேர் முதல் சில வாரம் என் முகத்தைப் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் ஒரு வீட்டுக்கு நான் மருமகன், இன்னொரு வீட்டுக்குத் தம்பி, அடுத்த தெருவில் ஒரு ஆத்தாவுக்கு மகன் மாதிரி. இத்தனை சொந்தமும் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் என்ஜினியர் அம்மாவால் எனக்கு வந்தது.

என் தொழில் பேச்சு. ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு மதுரைக்குள் தெருத்தெருவாக விளம்பரம் போகுமே, அதில் பேசுகிறவர்களில் நானும் ஒருவன். துணிக்கடைத் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், காணாமல் போன மாடு, எதைக் கொடுத்தாலும் பேசுவேன். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. பேசக் கற்றது பஸ்ஸிலும் டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும். நம் ஜனங்கள் ஒரு சாதாரண விஷயத்தைச் சொல்லும்போதுகூட அதில் ஒரு சுழி சுழிப்பார்கள் பாருங்கள், அதைக் காதில் வாங்கி வாங்கியே வளர்ந்தவன்.

எனக்கு ஒரு ரெக்கார்டிங் ரூம் உண்டு. பெரிதாக எதுவும் நினைத்துவிட வேண்டாம். மாடிப்படிக்கு அடியில், சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிய இடம். நிமிர்ந்தால் தலை இடிக்கும். ஒரு நாள் காலையில் அதன் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஒரு அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். அறுபதை நெருங்கிய வயது. நரைத்த தலைமுடி குட்டையாக வெட்டியிருந்தது. கைக்கடிகாரம் மணிக்கட்டின் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது.

"காணாமப் போன மாட்டுக்குப் பேசினது நீங்கதானா?"

"ஆமா மேடம். மாடு கிடைச்சிருச்சா?"

"அது தெரியாது. எனக்கு மாடு வேண்டாம். உங்க குரல் வேணும்."

நான் முழித்ததைப் பார்த்து அவரே விளக்கினார். "கே.கே. நகர்ல எங்க தெருவழியா எம்புட்டோ விளம்பரம் போகுது. யாரும் திரும்பிப் பார்த்ததில்ல. உங்க மாட்டு விளம்பரம் போனப்ப நாலு வீட்டுல கேட்டைத் திறந்து வெளிய வந்து, மாடு நிக்குதான்னு தெருவைப் பார்த்தாங்க. அப்படி ஒரு குரல் எனக்குத் தேவைப்படுது."

என் தொழிலுக்கு அதுவரை யாரும் அப்படி ஒரு சான்றிதழ் கொடுத்ததில்லை. அன்றைக்கு மத்தியானமே அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் வீட்டு ஹாலில் ஒரு கண்ணாடி அலமாரி நிறையப் பதக்கங்களும் கேடயங்களும் இருந்தன. எனக்குக் கை சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. ஒவ்வொன்றாகக் காட்டி இது எதுக்கு மேடம், இது எதுக்கு மேடம் என்று கேட்டேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் பதில் சொன்னார். "அது ரயில்வே சிக்னல்ல ஒரு சர்க்யூட்." "அது செயற்கைக்கோள்ல போன ஒரு சின்ன போர்டு." "அது பிறந்த குழந்தையோட இதயத்துடிப்பைக் கேக்குற கருவி." பசுமலையில் பள்ளிக்கூடம் படித்தவர். என்ஜினியரிங் காலேஜில் அவர் வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். பிறகு முப்பது வருடத்துக்கு மேல் வெளியூரில் ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் வேலை. அவர் கண்டுபிடித்தவை எத்தனையோ நாடுகளில் ஓடுகின்றன. இதையெல்லாம் அவர் சொன்ன விதம், நேற்று கடைக்குப் போய்ப் பருப்பு வாங்கி வந்ததைச் சொல்கிற மாதிரிதான் இருந்தது.

"அப்பா அம்மாவுக்குப் பெருமையா இருந்திருக்குமே மேடம்?"

"எங்க அப்பா கடைசி வரைக்கும் நான் ரேடியோ ரிப்பேர் பண்றேன்னுதான் ஊர்ல சொல்லிக்கிட்டிருந்தார். அவரைச் சொல்லிக் குத்தமில்ல. நான் செஞ்ச எதையும் எங்க ஊர்க்காரங்க ஒருத்தர்கூடக் கையில தொட்டுப் பார்த்ததில்லையே." வெங்காயத்தைத் தட்டில் வைத்துவிட்டு, மேஜைமேல் இருந்த சாம்பல் நிறப் பெட்டி ஒன்றைக் காட்டினார். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். "இது ஒண்ணாவது அவங்ககிட்ட நிக்கணும். அதுக்குத்தான் வேலையை விட்டுட்டு இங்க வந்தேன்."

அந்தப் பெட்டி கிணற்று மோட்டாரோடு சேர்ந்து இருக்கும். நம் பக்கத்தில் மோட்டார் ஓட மூணு பேஸ் கரண்டு வேண்டும். அது எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. கரண்டு வந்ததும் பெட்டி விவசாயிக்குப் போன் போடும். அவர் எண் ஒன்றை அமுக்கினால் மோட்டார் ஓடும். இந்த அளவுக்கு வேலை செய்கிற பெட்டி கடையிலேயே கிடைக்கிறது. இவருடைய பெட்டியின் விசேஷம், மோட்டாரின் நாடியைப் பிடித்துப் பார்ப்பது. கிணற்றில் தண்ணீர் வற்றப் போகிறதென்றாலோ, மோட்டார் சூடாகிக் கருகப் போகிறதென்றாலோ முன்கூட்டியே கண்டுபிடித்து நிறுத்திவிடும். பட்டன் போன் இருந்தாலே போதும்.

ஒரு நிறுவனம் பணம் கொடுத்து நாற்பது விவசாயிகளின் மோட்டார் ரூமில் இதைச் சோதனைக்காக மாட்டியிருந்தது. மூன்று மாதத்தில் குழு ஒன்று வந்து பார்க்கும். நாற்பதில் முப்பதாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஜனங்களும் பெட்டி வேண்டும் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பெட்டியின் கதை அதோடு முடிந்தது.

"இப்ப எத்தனை மேடம் ஓடுது?"

"பதினொண்ணு. மத்ததுல எந்தப் பழுதும் இல்ல. ஆனா யாரும் போனை எடுத்து எண்ணை அமுக்க மாட்டேங்கிறாங்க. ஏன்னு கேட்டா சிரிக்கிறாங்க."

மறுநாள் இரண்டு பேரும் ஸ்கூட்டரில் போனோம். முதலில் பார்த்த அண்ணன் நிலக்கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய பெட்டி மோட்டார் ரூமில் பாலிதீன் கவர் சுற்றிப் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மேடத்தைப் பார்த்ததும், "வாங்க டீச்சர்" என்றார். அந்தப் பக்கத்தில் கண்ணாடி போட்டுப் பேனா வைத்திருக்கிற பெண் யாராக இருந்தாலும் டீச்சர்தான். நான் அவரை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பேச்சுக் கொடுத்தேன்.

"ஏண்ணே, பெட்டியில இருந்து போன் வருதுல்ல?"

"வருதே. தெனமும் வருது."

"எடுத்து என்ன செய்வீங்க?"

"அது லோன் வேணுமான்னு கேக்குற பொண்ணுதானப்பா? 'வணக்கம்'னு அது ஆரம்பிக்கும்போதே 'வேணாந்தாயி'ன்னு சொல்லி வச்சிருவேன். பாவம், நல்ல பொண்ணு. நானும் சலிக்காமச் சொல்றேன், அதுவும் சலிக்காமக் கூப்பிடுது."

விஷயம் பிடிபட்டது. பெட்டியில் மேடம் வைத்திருந்தது கம்ப்யூட்டர் பெண் குரல். "வணக்கம். மும்முனை மின்சாரம் வந்துள்ளது. மின்மோட்டாரை இயக்க எண் ஒன்றை அழுத்தவும்." நம் ஊரில் போனை எடுத்ததும் யாராவது சுத்தத் தமிழில் வணக்கம் சொன்னால் அது ஒன்று லோன், இல்லையென்றால் இன்சூரன்ஸ். மூன்றாவது வார்த்தைக்குப் போன் கட்டாகிவிடும்.

மேடம் சிரிக்கவில்லை. நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, "நாளைக்கு ரெக்கார்டிங்" என்றார்.

முட்டை அட்டை ரூமில் அவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்க, நான் என் பாஷையில் பேசினேன். "அண்ணே, கரண்டு வந்துருச்சுண்ணே. மோட்டாரப் போடவா? போடணும்னா ஒண்ண அமுக்குங்க." அம்புட்டுதான். பெட்டியில் இடம் கம்மி என்று ஒவ்வொரு செகண்டையும் எண்ணி எண்ணித்தான் அவர் அனுமதித்தார். என்னை மாதிரி ஆளுக்கு அது பத்தியச் சோறு.

இரண்டு வாரத்தில் பதினொன்று இருபத்திநாலு ஆனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குப் பிறகு ஏறவில்லை, இறங்க ஆரம்பித்தது. மறுபடியும் ஸ்கூட்டர்.

மூன்று ஏக்கரைத் தனியாளாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு ஆத்தா, நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினதுமே கண்டுபிடித்துவிட்டது. "அட, நீதானா அவன்? ஏண்டா, என்னையப் பாத்தா ஒனக்கு அண்ணன் மாதிரியா இருக்கு? தெனமும் அண்ணேங்குற, அண்ணேங்குற. அதேன் வயரப் புடுங்கி வச்சேன்."

பக்கத்து வயல் பெரியவருக்கு வேறு வருத்தம். "என் பேரனுக்குக் கல்யாணம் ஆயிருச்சு. நீ என்னைய அண்ணேன்னா, என் வயசு என்ன ஆகுறது?"

தென்னந்தோப்பு வைத்திருந்த பாய் ஒருவர் பக்குவமாகச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. ஊரே பாய் பாய்ங்குது, நீங்க அண்ணேங்கிறீங்க. மாமுன்னு கூப்பிட எங்க அக்கா மகன் ஒருத்தன் இருந்தான், துபாய்க்குப் போயிட்டான். நீங்க மாமுன்னே கூப்பிடுங்களேன். காலையில கேக்க நல்லா இருக்கும்."

வேறு யாராவது என்ஜினியராக இருந்தால் இதையெல்லாம் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். இவர் அன்று சாயங்காலமே மேஜையில் காகிதத்தை விரித்து உட்கார்ந்துவிட்டார். மொத்த வாக்கியத்தையும் நாற்பது விதமாக வைக்க இடமில்லை. ஆனால் கூப்பிடும் சொல்லை மட்டும் தனியாக வெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒன்றாக ஒட்டலாம் என்றார். "மோட்டார் ஓட்டுறதைவிட இது கஷ்டமான இன்புட்" என்று முணுமுணுத்துக்கொண்டார்.

நான் நோட்டோடு நாற்பது வீடும் ஏறி இறங்கினேன். உங்களை எப்படிக் கூப்பிடட்டும்? இந்த ஒரு கேள்விக்கு நம் ஜனங்கள் கொடுத்த பதில்களை இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பு வருகிறது. மாமா ஒன்பது, சித்தப்பா ஐந்து, அக்கா மூன்று. ஒருத்தர் "தலைவரேன்னு கூப்பிடு, பக்கத்துல நாலு பேரு இருக்கும்போது ஸ்பீக்கர்ல போடுவேன்" என்றார். என் வயசுக்காரர் ஒருத்தர், "மாப்ளன்னு கூப்பிடுப்பா" என்றதும், திண்டாட்டம் எதுவும் வராமல் இருக்க, "அப்புறம் எங்க வீட்டுல பொண்ணு கேட்டு வந்துறக் கூடாது" என்றேன். "பொண்ணு வேணாம், தண்ணி வந்தாப் போதும் மாப்ள" என்றார்.

எல்லோரும் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்கள். ஆத்தாதான் அதை முறையீடாகவே வைத்தது. "இம்புட்டு நாளாக் கூப்பிடுறியே, ஒரு நாளாச்சும் சாப்டியான்னு கேட்டியா? நேரா மோட்டாருக்குப் போயிருற."

மேடம் முதலில் மறுத்தார். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒரு எச்சரிக்கை ஒலியைச் சுருக்கி, "சாப்டாச்சா" என்ற ஒரு சொல்லுக்கு இடம் பண்ணிக் கொடுத்தார். அதிலும் ஒரு சிக்கல். நான் சாப்டாச்சா என்று கேட்க, அவர்கள் பதில் சொல்ல, அதற்குள் பெட்டி மோட்டாரைப் பற்றிப் பேச ஆரம்பிக்க, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிற சண்டையாகிவிட்டது. "கேட்டுட்டு, பதிலக் கேக்காமப் பேசுறான், என்ன புள்ள வளத்தாய்ங்களோ" என்று என் அம்மாவரைக்கும் போய்விட்டது.

அதற்கு அவர் கண்டுபிடித்த தீர்வு: கேள்விக்குப் பிறகு நான்கு செகண்ட் பெட்டி பேசாமல் இருக்கும். அவ்வளவுதான். "ஆச்சுப்பா, பழைய சோறும் வெங்காயமும்" என்று சொல்லி முடிக்க நான்கு செகண்ட் சரியாக இருந்தது. அவருடைய வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, உள்ளே "மரியாதை – 4 செ." என்று எழுதியிருந்தார். அடுத்த மாதத்துக்குள் முப்பத்தெட்டு பெட்டி ஓடியது.

குழு வந்தது. மூன்று பேர். அதில் தலைவர் ஒரு பேராசிரியர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, மெல்லிய பேச்சு, மத்தியானம் ஊர் திரும்ப ரயில். ஆத்தாவின் கிணற்றோரம் புளியமரத்தடியில் நாற்பது பேரும் கூடியிருந்தார்கள். மேடம் அன்றைக்கு மட்டும் பட்டுச்சேலை கட்டியிருந்தார். மோட்டார் ரூம்களைப் பார்த்துவிட்டு வந்த தலைவர், ஓடுகிற எண்ணிக்கை திருப்தி என்றார். பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. மீதி, ஜனங்களின் வாய்வார்த்தை. அவர் நோட்டைத் திறந்து, பேனாவை எடுத்து, "இந்தப் பெட்டியைப் பத்தி என்ன நினைக்கிறீங்க? தயங்காமச் சொல்லுங்க" என்றார்.

நோட்டைப் பார்த்ததும் எல்லோர் முகமும் மாறியதை நான் பார்த்தேன்.

"என்னத்தைச் சொல்றது சார்" என்று பெரியவர் ஆரம்பித்தார். "நொய்யி நொய்யின்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. நேத்துக்கூட மூணு தடவ."

"தண்ணி கொஞ்சம் கொறஞ்சாப் போதும், மோட்டார நிறுத்திப்புடுது. ரொம்பப் பயந்த சுபாவம்" என்றார் நிலக்கடலைக்காரர்.

"தலைவரேன்னு கூப்பிடுறதுல ஒரு அழுத்தம் இல்ல சார்."

"பெட்டியில பல்லி முட்ட வச்சிருக்கு."

தென்னந்தோப்பு பாய்கூட, "பரவாயில்லன்னுதான் சொல்லணும், ஆனா மாமுன்னு சொல்றது கொஞ்சம் அவசரமா இருக்கு" என்றார்.

தலைவர் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டே போனார். பக்கம் புரண்டது. இன்னொரு பக்கமும் புரண்டது. மேடத்தைப் பார்த்தேன். ரயிலையும் செயற்கைக்கோளையும் பார்த்தவர், புளியமரத்து வேரையே பார்த்துக்கொண்டு நின்றார். கை பட்டுச்சேலை முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தது.

நிலக்கடலைக்கார அண்ணனைச் சட்டையைப் பிடித்து மரத்துக்குப் பின்னால் இழுத்தேன். "ஏண்ணே இப்படிக் கவுத்துறீங்க? நேத்துவரைக்கும் தங்கமான பெட்டின்னீங்க!"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ சும்மா இரு" என்று அவர் எனக்குக் கிசுகிசுப்பாகப் புத்தி சொன்னார். "நோட்டோட வந்தவய்ங்ககிட்ட நல்லா இருக்குன்னு சொல்லப்படாது. பயிர் கருகுனதுக்கு நஷ்டஈடு எழுத ஆபீசருக வந்தப்ப நம்மாளு ஒருத்தன் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, பரவால்லன்னு சொல்லிட்டான். ஊருக்கே ஒண்ணும் வரல. இப்ப நல்லா இருக்குன்னு சொன்னா, இந்த ஊருக்கு இதே போதும்னு டீச்சர வேற ஊருக்கு அனுப்பிருவாய்ங்க. கொறையச் சொன்னாத்தேன் டீச்சரு இங்கனயே இருக்கும்."

அடப் பாவிகளா என்று நினைத்தேன். மேடத்தைக் காப்பாற்றத்தான் இத்தனை பேரும் சேர்ந்து அவரைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார்கள்!

தலைவர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே பேச உரிமை இல்லை. குழுவுக்கு நான் யாரோ. ஆனால் வாய்தானே என் பிழைப்பு. கிட்டப் போய், "சார், ஒரே ஒரு கேள்வி பாக்கி இருக்கு. அதையும் கேட்டுட்டுப் போங்க" என்றேன்.

"என்ன கேள்வி?"

"இம்புட்டுக் குறை இருக்கே, அப்ப பெட்டியெல்லாம் இன்னைக்கே கழட்டி எடுத்துக்கிட்டுப் போயிறலாமான்னு கேளுங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, அதே மெல்லிய குரலில் அதையே கேட்டார்.

மறுநொடி, ஜல்லிக்கட்டு வாடிவாசல் தோற்றது.

"கழட்டுறதா? எதுக்குக் கழட்டணும்?"

"யாரு சார் கழட்டச் சொன்னது? நாங்க சொன்னமா?"

"பல்லி முட்ட வச்சா, முட்டைய எடுத்துட்டுப் போறோம்! பெட்டிய எதுக்கு எடுக்கணும்?"

ஆத்தா பேசவே இல்லை. களைக்கொத்தியோடு நடந்துபோய்த் தன் மோட்டார் ரூம் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்தது. உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தது. "எங்க, கழட்டு பாப்பம். எம் புள்ளையில ஆயிரம் நொட்ட சொல்லுவேன். அதுக்காகத் தூக்கிக் குடுத்துருவேனா? இன்னும் அது கூப்பிடவே இல்ல. கரண்டு வர்ற நேரம் வேற."

தலைவர் சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார். பிறகு நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டார்: பெட்டி வேணுமா, வேண்டாமா? நாற்பது பேரும் வேணும் என்று கையெழுத்துப் போட்டார்கள். ஓடாத இரண்டு பெட்டிக்காரர்களும் போட்டார்கள்; அதில் ஒருத்தர், "வயர எலி கடிச்சிருச்சுன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு" என்றார். ஆத்தா படியைவிட்டு எழுந்திருக்க மறுத்ததால் நோட்டே படிக்குப் போனது.

கிளம்பும்போது தலைவர் மேடத்திடம், "பெட்டி இங்கேயேதான் இருக்கும் மேடம். இருநூறு பெட்டிக்கு எழுதிடறேன்" என்றார். மேடம் அவரிடம், "அந்தக் குறை எழுதின பக்கங்களை நான் போட்டோ எடுத்துக்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

திருமங்கலத்தில் சர்பத் கடை ஒன்றின்முன் ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னேன். சந்தோஷத்தில் எனக்குத் தொண்டை காய்ந்து போயிருந்தது. ஐஸ் நிறையப் போட்டு நன்னாரி சர்பத் இரண்டு சொன்னேன். மேடம் பெஞ்சில் உட்கார்ந்து போனில் அந்தப் பக்கங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்துக்கொண்டிருந்தார். பல்லிக்கு ஒரு ரப்பர் மூடி, 'தலைவரே'க்கு ஒரு அழுத்தம் என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தவர், பதினேழாவது குறையில் நின்றார்.

"'ஆளு பேசும்போது நடுவுல இருமுறாரு, சளி இருக்கு போல, பாத்துக்கச் சொல்லுங்க.' நீங்க ரெக்கார்டிங்ல இருமினீங்களா?"

"லேசா ஒரு கனைப்பு மேடம். யாருக்கும் கேக்காதுன்னு நினைச்சேன்."

"இருநூறு வீட்டுக்குக் கேக்கப்போகுது." அவர் கடைக்காரர் பக்கம் திரும்பினார். "அண்ணே, ஒரு சர்பத் போதும். இவருக்குச் சூடா பால் இருந்தாக் குடுங்க." பிறகு என்னிடம், "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ரெக்கார்டிங்" என்றார்.

ஐஸ் மிதந்த அந்தச் சர்பத்தை அவர் என் கண்முன்னால் கடைசிச் சொட்டுவரை குடித்தார். நான் பால் குடித்தேன்.